மல்லிகை மணத்த செவ்வரளி

எனக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது அடி அண்ணாமலைக் கோயிலில் ஓர் அற்புதம் நடந்தது. அதற்கு ஒரே சாட்சி நான்தான். கண்ணால் கண்ட சாட்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது. மூக்கால் கண்ட சாட்சி.

அப்பா அப்போது திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் பி.டி. சார். அவருடைய அறை வாசலில் உடற்கல்வி இயக்குநர் என்று பலகை மாட்டியிருந்தது. அப்படிச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஓட்டப்பந்தயத்திலிருந்து செஸ்வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு என்றாலும், அவருடைய உயிர் பெண்கள் கபடி அணியில் இருந்தது.

காலை ஆறரைக்குப் பயிற்சி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஈரத் தலையோடு வந்து இறங்குவார்கள். பாதிப் பேர் மாட்டைக் கறந்து கட்டிவிட்டு வந்தவர்கள். பள்ளிக்கூட நேரம் வரும்வரை என்னையும் அப்பா மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஓரத்தில் அவர்களுடைய பைகள் குவிந்து கிடக்கும். யாராவது ஒருத்தி எனக்கென்று வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்திருப்பாள். அதைத் தின்று முடித்துவிட்டு அந்தப் பைக் குவியலின்மேல் அரைத்தூக்கத்தில் சாய்ந்துகிடப்பேன். மூச்சை விடாமல் அவர்கள் கபடி கபடி என்று பாடும் குரல் கிட்ட வரும், தூரப் போகும், மறுபடி கிட்ட வரும். கண்ணைத் திறந்தால் எதிரே பனிக்குள் மலை. மூடினாலும் இமைக்குள் அதே மலை. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியாத காலை நேரங்கள் அவை.

ஆட்டத்துக்கு முன்னால் அப்பா எல்லாப் பெண்களுக்கும் வரிசையாக விபூதி பூசுவார். அணியில் ஒரு கிறிஸ்துவப் பெண் இருந்தாள். வரிசையின் கடைசியில் தயங்கி நிற்பாள். அவள் தலையில் மட்டும் கையை வைத்து, உங்க சாமிய நீ கும்புட்டுக்கம்மா என்பார். பிறகு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகுதான் விசில்.

பொய் என்பது அவருக்கு வராது. ஒரு முறை மண்டலப் போட்டியில் எங்கள் பெண்ணின் குதிகால் கோட்டைத் தாண்டியதை நடுவர் பார்க்கவில்லை. அப்பா எழுந்துபோய்ச் சொன்னார். ஒரே புள்ளியில் தோற்றோம். திரும்பி வந்த வேனில் யாரும் அவரோடு பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போகும்போது, பேசாமல் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்று அம்மா தெருமுனையிலேயே அவரிடம் சொல்லிவைத்துத்தான் கூட்டிக்கொண்டு போவாள்.

வீட்டைப் பொறுத்தவரை அவருக்கு ஒரே சட்டம். இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார வேண்டும். வெளியூர்ப் போட்டி என்றாலும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார். அவர் வரும்வரை அம்மா சோற்று மூடியைத் திறக்கமாட்டாள்.

அந்த வருஷம், மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்னால், அவருக்கு ஒரு கடிதம் வந்தது. சென்னையில் ஒரு பெரிய விளையாட்டு விடுதிக்குக் கபடிப் பயிற்சியாளராக வரச் சொல்லி. மாநில அணிக்கு ஆடப்போகும் பெண்கள் தங்கிப் பழகும் இடம் அது. அப்பா இளம் வயதில் மாநில அணிக்குத் தேர்வானவர்; புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது முட்டி பெயர்ந்து வீட்டோடு படுத்தவர். தான் போகாத இடத்துக்குத் தன்னிடம் ஆட்டம் பழகும் ஒரு பெண்ணாவது போகவேண்டும் என்பதைத் தவிர அவர் அண்ணாமலையாரிடம் வேறெதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது அவரையே வா என்கிறார்கள். கடிதத்தை நாலாக மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அம்மாவுக்கு அப்போதுதான் வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. அதற்கான பரீட்சையை அவள் மூன்று தடவை எழுதினாள். இரண்டாவது தடவை எழுதப் போனபோது எனக்குக் காய்ச்சல். பாதியில் எழுந்து வந்துவிட்டாள் என்று சொல்வார்கள். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு காலையில் தலைவாரிக்கொள்ளும்போது ஏதோ முணுமுணுப்பாகப் பாடுவாள். சாயங்காலம் அவள் முந்தானையில் சாக்பீஸ் தூள் இருக்கும். அதைத் தட்டாமலேதான் அடுப்பு பற்றவைப்பாள். வேலை புதிது என்பதால் சென்னைக்கு மாற்றல் இப்போதைக்குக் கிடைக்காது. போவதானால் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பக்கத்து வீட்டில் சண்டை நடந்தால் ஆளுக்கொரு பக்கம் தனக்கென்று இழுப்பார்கள். எங்கள் வீட்டுச் சண்டை தலைகீழாக இருந்தது.

"நீங்க போயே ஆவணும். நான் எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள் அம்மா.

"மூணு வாட்டி எழுதி வாங்கின வேல. அத வுட்டுட்டு வந்து அங்க என்னா பண்ணுவ?"

"நீங்க இங்கயே இருந்துட்டா, என்னாலதான் போவலன்னு நான் காலம்பூரா நெனச்சுட்டு இருக்கணும். அது மட்டும் பரவால்லயா?"

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கொஞ்ச நாள் அவர் மட்டும் போய்த் தனியாக இருந்து பார்க்கலாமே என்றார். அப்பா அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டே, ஒண்ணா உக்காந்து சோறு துன்னாத குடும்பம் என்ன குடும்பம் மச்சான் என்று கேட்டார். மாமாவின் யோசனை அதோடு முடிந்தது.

அந்த நாட்களில்தான் அம்மா எனக்குக் கடலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஜடை பின்னும்போது, சோறு ஊட்டும்போது, படுக்கையில் தட்டிக்கொடுக்கும்போது. மணல் கால் விரலுக்குள் புகுந்து கிச்சுகிச்சு மூட்டும், அலை வந்து பாதத்துக்கு அடியிலிருந்து மண்ணை உருவிக்கொண்டு போகும், நின்ற இடத்திலேயே நாம் நகர்வது மாதிரி இருக்கும் என்றெல்லாம் சொன்னாள். நான் கடலைப் பார்த்ததில்லை. என் கனவில் மலையைச் சுற்றிலும் தண்ணீர் நின்றது. பி.டி. சாரின் பெண்கள் அதன்மேல் கோடு போட்டுக் கபடி ஆடினார்கள். யாரும் முழுகவில்லை. எப்போது சென்னைக்குப் போவோம் என்று நான் தினமும் கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்ப்பாள். அப்பா தட்டைப் பார்ப்பார்.

கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள்.

"சாமிகிட்டயே கேட்டுடலாங்க. பூ போட்டுப் பாக்கலாம். வந்த பூவுக்கு நானும் மறுபேச்சு பேச மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது."

சாமியிடம் கேட்கலாம் என்றால் அப்பா எப்படி மாட்டேன் என்பார்? சரி என்றார். வெள்ளைப் பூ வந்தால் சென்னை. சிவப்பாகச் செவ்வரளி வந்தால் இங்கேயே. பொட்டலத்தை எடுக்கவேண்டியது நான். குழந்தை கையால் எடுத்தால்தான் அது சாமி எடுத்ததாகும் என்றாள் அம்மா. எனக்குப் பெருமையாக இருந்தது.

பௌர்ணமி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மூன்று பேரும் வெறுங்காலோடு கிரிவலம் புறப்பட்டோம். கூட்டமில்லாத பாதை அவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதற்குமேல் அப்பாவின் வெள்ளைச் சட்டை மட்டும் மிதந்து போவதுபோல் இருந்தது. ஒவ்வொரு லிங்கத்திடமும் நின்று கும்பிட்டு நடந்தோம். மலை எங்கள் வலப்பக்கமாகவே வந்தது. ஒரு வளைவில் கூம்பாக, இன்னொரு வளைவில் படுத்திருக்கும் மாடாக. நான் நடந்துகொண்டே தூங்கினேன். கண்விழித்தபோது அப்பாவின் தோளில் இருந்தேன், வெயில் வந்திருந்தது, அடி அண்ணாமலை வந்திருந்தது.

கோயிலில் எங்களைத் தவிர ஆளில்லை. அம்மா இடுப்பில் செருகியிருந்த இரண்டு பொட்டலங்களை எடுத்துக் குருக்களிடம் கொடுத்தாள். வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டியவை. எது எதுவென்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக வீட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டியிருந்தாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே முடிச்சு. குருக்கள் அவற்றைத் தட்டில் உருட்டி, சாமியின் பாதத்தில் வைத்து எடுத்து, என் முன்னால் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னார்.

கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இடது பக்கத்திலிருந்து மல்லிகை வாசனை வந்தது. மல்லிகை வெள்ளை, வெள்ளை என்றால் சென்னை, சென்னை என்றால் கடல். சாமி இவ்வளவு சுலபமாக உதவி செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இடது பக்கப் பொட்டலத்தை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தேன்.

அப்பா வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கொண்டார். நாரை அவிழ்த்தார். இலையின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். ஒரு பூவைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகுமா என்று நினைத்தேன். விளக்குச் சுடர் ஆடுவதும், எங்கோ ஒரு புறா சிறகைத் தட்டுவதும், மேற்கூரையிலிருந்து ஈரம் சொட்டுவதும் இன்றைக்கும் எனக்கு அதே வரிசையில் நினைவில் இருக்கின்றன. பிறகு இலையை மூடினார்.

"செவப்பு" என்றார்.

பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மா, காட்டுங்க என்று கேட்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நிரம்பி, விழாமல் நின்றது. அவளுக்கும் கடல் இல்லாமல் போய்விட்டதே என்று எனக்குத் துக்கமாக வந்தது. நான் சத்தமாகவே அழுதேன். குருக்கள் கற்பூரம் காட்டினார். தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தைப் பழைய மாலைகளோடு கூடைக்குள் தள்ளிவிட்டு, எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

மீதிக் கிரிவலத்தையும் நடந்தோம். அழுது ஓய்ந்திருந்த என்னை அப்பா தூக்கி மார்போடு சாய்த்துக்கொண்டார். என் கன்னம் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அதற்குள்ளிருந்து மல்லிகை வாசனை வந்தது. உடம்புச் சூட்டில் அது ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் மல்லிகையைத்தான் எடுத்தேன். நாங்கள் இங்கேயே இருக்கவேண்டும் என்று சாமிக்கு ஆசை வந்துவிட்டது. அப்பா திறப்பதற்குள் அவசரமாக அதைச் செவ்வரளியாக மாற்றிவிட்டது. அவசரத்தில் நிறத்தை மாற்றிய சாமி, வாசனையை மாற்ற மறந்துவிட்டது. அவ்வளவு பெரிய விஷயத்தைத் தெரிந்துகொண்ட களைப்பில் குபேர லிங்கம் வருவதற்குள் தூங்கிப்போனேன்.

மறுநாள் மைதானத்தில், அணியின் கேப்டன் அக்காவிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவள் காலில் முட்டிப்பட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சென்னைக் கடிதத்தைப் பற்றி அவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் கை நின்றுவிட்டது. கோடு போட்டுக்கொண்டிருந்த அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாப்பா, இத வேற யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். "அப்பாகிட்டகூட."

"சொன்னா சாமி கோச்சுக்குமா?"

"ஆமா. கோச்சுக்கும்."

அன்று அப்பா பத்துச் சுற்று ஓடச் சொன்னார். அவள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள். அப்பா விசில் அடித்துக் கூப்பிடவேண்டியதாயிற்று.

சென்னைக்கு வேறு யாரோ போனார்கள். அடுத்த வருஷம் அந்தக் கேப்டன் அக்காவுக்கு அதே விடுதியில் இடம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் அவர் காலில் விழுந்து எழுந்திருக்காமல் கிடந்தாள். கண்டக்டர் அதட்டிய பிறகுதான் எழுந்தாள். அம்மா அதே பள்ளிக்கூடத்தில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது வேறொன்றில் தலைமை ஆசிரியை. அப்பா போன வருஷம் ஓய்வுபெற்றார். அவரிடம் கபடி பழகிய பெண்களின் பிள்ளைகள்கூட அவரை பி.டி. சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அப்பா பொய் சொன்னார் என்பது எனக்கு விளங்கியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் பிறகு, எனக்கு ஒரு குழந்தை பிறந்து அதற்கு ஜடை பின்னும் வயதில்தான் இன்னொன்று உறைத்தது. எங்கள் வீட்டுக் கேட்டை ஒட்டி ஒரு நந்தியாவட்டை மரம் உண்டு. வருஷம் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கொட்டும். வாசனையே இருக்காது. மூன்று தடவை பரீட்சை எழுதியவள், அதைப் பறிக்காமல், கொல்லைக்குப் போய் மல்லிகையைத் தேடிப் பறித்திருக்கிறாள். அதுவும் ஒரு மாதம் எனக்குக் கடலைப் பற்றிச் சொன்ன பிறகு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் நேராகவே கேட்டேன். அவள் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே, அடுப்பக் கொஞ்சம் கம்மி பண்ணு என்றாள். அப்பா முற்றத்தில் என் மகளோடு கபடி ஆடிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் பின்னால் தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது, வெள்ளிக்கிழமைகளில் ஏற்பட்ட மாற்றம் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பெரிய கோயிலுக்குப் போவது வழக்கம். எப்போதும் அப்பாதான் முதலில் உள்ளே போவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் வந்த வெள்ளியன்று, கோபுர வாசலில் நின்றுவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்த வெள்ளியும். எங்கள் மூன்று ஜோடி செருப்பையும் தன் காலருகில் வரிசையாக வைத்துக்கொண்டு, கோபுரத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்து நிற்பார். பயிற்சியின்போது பெண்களுக்கு விபூதி பூசுவார். தான் மட்டும் பூசிக்கொள்ளமாட்டார். எனக்குப் புதிதாகப் பூப்போட்ட செருப்பு வாங்கியிருந்தார்கள். நடந்தால் கீச்கீச் என்று சத்தம் வரும். அது திருட்டுப் போய்விடக் கூடாதே என்றுதான் அப்பா காவல் நிற்கிறார் என்று நான் நினைத்தேன். மாசி மாதம்வரை நின்றார்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று அம்மாவின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. பிள்ளைகள் கொடுத்த ரோஜாப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்கே வந்திருந்தாள். அப்பா வழக்கம்போல, நீங்க போயிட்டு வாங்க என்று ஆரம்பித்தார். அம்மா என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"பாப்பா, இன்னிக்கி நீ செருப்பப் பாத்துக்க."

எங்களுக்குத் தெரிந்த பூக்காரம்மா அங்கே கடை போட்டிருந்தாள். என்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டு, அம்மா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்பா ஏதோ சொல்ல வந்தார்.

"சாமிகிட்ட நான் கேட்டுக்கறேன். வாங்க" என்றாள்.

அத்தனை பேர் போகிற வருகிற இடத்தில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்து நான் அதுவரை பார்த்ததில்லை. சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போவதுபோல் கூட்டிக்கொண்டு போனாள். அப்பா இரண்டு தடவை நின்றார். இரண்டு தடவையும் அவள் காத்திருந்து பிறகு நடந்தாள். கோபுரத்து இருட்டுக்குள் முதலில் அவருடைய வெள்ளைச் சட்டை மறைந்தது, பிறகு அவள் ரோஜாப்பூ.

நான் பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தேன். தெருவிளக்கெல்லாம் எரிய ஆரம்பித்தது. கோபுரத்தில் கிளிகள் இறங்கின. என் செருப்பை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். அவர்கள் வருவதற்கு ரொம்ப நேரமாயிற்று.

வந்தபோது இரண்டு பேருடைய கண்ணும் சிவந்திருந்தது. அப்பாவின் நெற்றியில் பட்டையாக விபூதி. ஏன் கண் இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"உள்ள கற்பூரப் புக ஜாஸ்தி" என்றாள் அம்மா.

எனக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. என் வருத்தமெல்லாம் வேறு. வெள்ளிக்கிழமை உள்ளே தொன்னையில் நெய் வழியப் பொங்கல் கொடுப்பார்கள். இவ்வளவு நேரம் உள்ளே இருந்தவர்கள் எனக்கென்று ஒரு தொன்னை வாங்கிவரத் தோன்றாமல் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். வீடு போய்ச் சேரும்வரை நான் இரண்டு பேரோடும் பேசவில்லை.